ஐந்து முறை அடைத்த கடன்: குடியாத்தம் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சூதாட்டத்தில் நொடித்துப்போன குடும்பம் சிகிச்சைக்கு வரும்போது அறையில் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதுதான். மொத்தம் எவ்வளவு கடன், யாரிடம் வாங்கலாம், எதை விற்கலாம். இந்தக் குடும்பமும் அப்படித்தான் வந்தது. ஐந்தாண்டுகளில் ஐந்து முறை அவர்கள் கடனை அடைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது. கடனை அடைத்த கைகளின் நிலைமை என்ன என்று அந்த ஐந்தாண்டில் ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்தக் கைகளைப் பற்றியது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் வரும் கணவனும் மனைவியும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்கள் அல்ல. வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்தில் மனநல ஆலோசனைப் பணியில் திரும்பத் திரும்பப் பார்க்கும் நிலைமைகளைச் சேர்த்து ஒரு குடும்பமாக எழுதியிருக்கிறேன். வயது, தொழில், தொகை எல்லாம் அதற்கேற்ப மாற்றியவை. சட்டம், நோய், ஆய்வு பற்றிச் சொல்பவை உள்ளபடியே.

குடும்பம்

கணவருக்கு வயது 36. ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கைக்கு வரும் சம்பளம் 19,000 ரூபாய். மனைவிக்கு 31. கல்யாணத்துக்கு முன் அதேபோன்ற ஒரு கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்தவர், இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டார். மகனுக்கு 10, மகளுக்கு 6. கணவரின் அம்மாவும் கூடவே இருக்கிறார்.

கணவரின் அப்பா லுங்கித் தறி ஓட்டியவர். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடைசெய்யப்படும் வரை தினமும் சீட்டு வாங்கியவர். ரிசல்ட் பேப்பர் வாங்கிவர இவரைத்தான் அனுப்புவாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் நாங்கள் குறித்துக்கொண்டோம். பெற்றோரிடம் இந்தப் பழக்கம் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. அதில் மரபணுவுக்கும் பங்குண்டு, பார்த்து வளர்ந்ததற்கும் பங்குண்டு. மரபணுவின் பங்கை இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஆட்டம் பிடித்துக்கொண்ட விதம்

2020 ஊரடங்கில் கம்பெனி மூடியது. அதுவரை டீக்கடையில் எப்போதாவது காட்டன் என்ற எண் சூதாட்டத்தில் பத்து ரூபாய்க்கு நம்பர் எழுதியதோடு சரி. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் கூடவேலை பார்ப்பவர் ஒருவர் ரம்மி செயலியின் இணைப்பை அனுப்பினார். சேர்ந்ததும் போனஸ். முதல் மூன்று வாரத்தில் 18,000 ரூபாய் ஜெயித்தார். எங்களிடம் பேசிய நேரமெல்லாம் தலையைக் குனிந்தே இருந்தவர், அந்த 18,000த்தைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தொடக்கத்தில் வரும் பெரிய வெற்றி பலருடைய கதையில் இருக்கிறது. எப்போது பணம் வரும் என்று தெரியாமல், ஆனால் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தால், அந்தச் செயலை மூளை எளிதில் விடாது. ஒழுங்காக வரும் பரிசைவிட ஒழுங்கில்லாமல் வரும் பரிசுக்குப் பிடிமானம் அதிகம். ‘ஒரே ஒரு சீட்டுல போச்சு’ என்பது இன்னொரு கொக்கி. மயிரிழையில் தோற்பதும் தோல்விதான், பணம் போனது போனதுதான். ஆனாலும் ஜெயிக்கும்போது மூளையில் தூண்டப்படும் அதே பகுதிகளை மயிரிழைத் தோல்வியும் ஓரளவு தூண்டுகிறது என்று மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் தோற்றவருக்கு ‘நெருங்கிட்டோம்’ என்று தோன்றுகிறது.

அவர் விடாமல் சொன்ன வாதம் ஒன்று உண்டு. “இது அதிர்ஷ்டம் இல்ல சார், திறமை. கோர்ட்டே சொல்லிக்கீது.” சொன்னதில் உண்மை இருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968லேயே கூறியது. ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஆன்லைன் ஆட்டங்களை ஆராய அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டத்தையும், ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சுருக்கியது. திறமையா அதிர்ஷ்டமா என்ற அந்தப் பாகுபாட்டுக்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கலாம். நோயைக் கண்டறிவதில் அதற்கு இடமே இல்லை. பணம் வைத்து ஆடுகிறார், நிறுத்த முயன்றும் முடியவில்லை, வாழ்க்கை சிதைகிறது என்றால் ஆட்டம் எந்த வகையாக இருந்தாலும் நோய் ஒன்றுதான்.

வாதிட்டுப் பயனில்லை என்று ஒருநாள் அவரையே கணக்குப் போடச் சொன்னோம். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்தால் 600. அதில் கம்பெனிக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஜெயித்தவருக்கு 540. ஆறு பேரும் சமமான திறமைசாலிகள், ஆளுக்கொரு முறை ஜெயிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு ஆட்டம் முடியும்போது ஒவ்வொருவரும் போட்டது 600, எடுத்தது 540. யாரும் மோசமாக ஆடவில்லை, ஆனாலும் எல்லோர் கையிலும் 60 குறைகிறது. நூறு ஆட்டம், ஆயிரம் ஆட்டம் போனால்? உற்பத்திக் கணக்கு எழுதிப் பழகிய மனிதர். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஐந்து மீட்புகள்

முதல் கடன் 2020 கடைசியில் தெரியவந்தது. கொரோனாவைக் காட்டி வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுக்க அப்போது அனுமதி இருந்தது, அதை எடுத்து ஆடித் தீர்த்திருந்தார். வெளிக்கடன் 60,000. அம்மா மாட்டை விற்று அடைத்தார். “வெளில தெரிஞ்சா மானம் போயிடும்பா” என்று அழுதாராம்.

இரண்டாவது, மனைவியின் நாலரைப் பவுன். கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்தது. 2021இல் தமிழ்நாடு அரசு 5 பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது நகை வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த மாதமே தனியார் அடகுக் கடைக்குப் போனது. அங்கே வட்டி கட்டாமல் மூழ்கிப்போனது.

மூன்றாவது, பெங்களூருவில் வேலை பார்க்கும் மச்சான். இரண்டு லட்சம் கொடுத்தார். கெங்கையம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். சத்தியம் செய்தபோது கணவர் மனதார நினைத்துத்தான் செய்தார் என்று நான் நம்புகிறேன். அடுத்த நாற்பது நாள் ஆடவும் இல்லை.

நான்காவது, மனைவியின் பெயரில் குழுக்கடன். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டிய கடன் அது. தவணை நாளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாசலில் நிற்பார்கள். அதைச் சமாளிக்கக் கடன் செயலிகளில் வாங்கினார். போனில் இருந்த எண்களுக்கெல்லாம் படத்தை அனுப்புவோம் என்று மிரட்டல் வந்தது.

ஐந்தாவது, அம்மா பெயரில் இருந்த அரை ஏக்கர் கொல்லை.

இந்த ஐந்தையும் தேதி போட்டு ஒரே தாளில் எழுதியபோதுதான் குடும்பத்தார் ஒன்றைப் பார்த்தார்கள். முதல் மீட்புக்குப் பிறகு அவர் ஆடாமல் இருந்தது ஏறக்குறைய நாலு மாதம். மூன்றாவதுக்குப் பிறகு நாற்பது நாள். ஐந்தாவதுக்குப் பிறகு ஒரு வாரம். கடன் தீர்ந்ததும் அவரைச் சிகிச்சைக்குத் தள்ளியிருக்கக்கூடிய நெருக்கடியும் தீர்ந்தது. ‘எப்படியும் யாராவது அடைப்பாங்க’ என்பது அனுபவத்தில் கற்ற பாடமாகிவிட்டது. இதில் குடும்பத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மகன் அவமானப்படுவதைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயும் சும்மா இருக்கமாட்டார். ஆனால் இந்த மீட்பு நோயின் ஒரு பகுதி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்ட நோய்க்கு ஒன்பது அறிகுறிகள் சொல்லப்படுகின்றன. தோற்ற பணத்தைத் துரத்துவது, பொய் சொல்வது போன்றவற்றோடு, பண நெருக்கடியிலிருந்து மீளப் பிறரை நம்பியிருப்பதும் அதில் ஒன்று.

மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கூத்துல தருமராசா எல்லாத்தையும் தோத்துட்டு கடைசியா பொண்டாட்டிய வெச்சத பாத்துகினு வளந்தோம் மேடம். எங்கூட்ல என் கையெழுத்த வெச்சாரு. வித்தியாசம் அவ்ளோதான்.” திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் சூதாட்டத்தையும் துகிலுரிதலையும் விடிய விடியக் கூத்தாக ஆடும் பகுதி இது. அவருக்கு அந்த உவமையைத் தேட வேண்டியிருக்கவில்லை.

மனைவியும் பிள்ளைகளும்

முதல் சந்திப்பில் மனைவியைப் பற்றிய தகவலாக எங்களுக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘அவங்களுக்கு அல்சர் இருக்கு.’ தனியாக உட்காரவைத்துப் பேசியபோது வேறு படம் வந்தது. இரண்டு வருடமாக இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை. யாராவது கேட்டைத் திறந்தால் நெஞ்சு படபடப்பு. எடை எட்டுக் கிலோ குறைந்திருந்தது. வயிற்றெரிச்சலுக்கும் தலைவலிக்கும் பல இடங்களில் மாத்திரை வாங்கியிருக்கிறார். ‘வீட்டில் என்ன நடக்கிறது’ என்று எங்கும் யாரும் கேட்டதில்லை. மனச்சோர்வும் பதற்றமும் மருந்து தர வேண்டிய அளவில் இருந்தன.

“ஆளு வீட்லதான் கீறாரு. ஆனா இல்லாத மாதிரி” என்றார். ராத்திரி போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரியும். கேட்டால் கம்பெனி வேலை என்பார். பொய் என்று தெரிந்த பிறகு, தான் பார்ப்பது உண்மையா என்று தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்தவரை மனைவிமார் பணம் போனதைச் சொல்லி அழுவதைவிட, ஏமாற்றப்பட்டதைச் சொல்லித்தான் அதிகம் அழுகிறார்கள். பணத்துக்காவது ஒரு தொகை இருக்கிறது.

ஒருமுறை போனை ஒளித்துவைத்ததற்கு அடித்திருக்கிறார். கணவர் அதை ஒப்புக்கொண்டார். இந்த இடத்தில் நாங்கள் தாமதிப்பதில்லை. தம்பதி இருவரையும் சேர்த்து உட்காரவைக்கும் ஆலோசனையைத் தள்ளிப்போட்டு, மனைவியின் பாதுகாப்புக்கான ஏற்பாட்டை முதலில் செய்தோம். மறுபடி கை ஓங்கினால் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது, பெண்கள் உதவி எண் 181 எதற்கு என்பதெல்லாம் பேசி முடிவானது.

மகன் பள்ளியில் பேசுவது குறைந்துவிட்டது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். கடன்காரர் வந்தால் ‘அப்பா ஊர்ல இல்ல’ என்று சொல்வது அவன் வேலை. பத்து வயதுப் பையன் அதை நன்றாகச் செய்யப் பழகிவிட்டான் என்பதுதான் எங்களைக் கவலைப்படுத்தியது.

தீவிரமாகச் சூதாடும் ஒருவரால் சராசரியாக ஆறு பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்று 2017இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இந்த வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான், அவர் மனைவி என்று எண்ணினாலே ஆறு வந்துவிடுகிறது. குழுக்கடனில் சேர்ந்து மாட்டிய பெண்களை எண்ணினால் நம்மூர்க் கணக்கு அதைத் தாண்டும் என்பது என் எண்ணம்.

மதிப்பீடு

கணவர் எங்களிடம் வந்தது 2025 பிப்ரவரியில். சாகப்போகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவரை மச்சான் தேடிப் பிடித்து அழைத்துவந்தார். ஒன்பது அறிகுறிகளில் எட்டு இருந்தன. நான்கு இருந்தாலே நோய், எட்டோ ஒன்பதோ இருந்தால் தீவிர நிலை. கூடவே கடுமையான மனச்சோர்வு. குடி சமீபத்தில் கூடியிருந்தது. திடீர் உற்சாகம், தூக்கம் தேவைப்படாத நாட்கள், தாறுமாறான செலவு என்று இருமுனை மனநோயின் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று கேட்டறிந்தோம், இல்லை. இப்படிக் கேட்பது அவசியம். எழுச்சி நிலையில் ஆடுபவருக்குச் சிகிச்சை வேறு. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகளும் இந்தப் பழக்கத்தைப் புதிதாகத் தூண்டக்கூடும் என்பதால் வயதானவர்களிடம் அதையும் கேட்க வேண்டும்.

தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்டோம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. ஸ்வீடனில் சூதாட்ட நோய் கண்டறியப்பட்டவர்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், பொதுமக்களோடு ஒப்பிட்டால் அவர்களிடம் தற்கொலை மரணம் ஏறக்குறைய 15 மடங்கு இருந்தது. கடன் வெளியே தெரியவரும் நாட்கள்தான் பெரும் ஆபத்து. அந்த நாட்களில் வீட்டார் திட்டித் தீர்ப்பதைத் தள்ளிவைத்து, ஆளைத் தனியே விடாமல் இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 எந்த நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். குடும்பத்தாரும் கூப்பிடலாம்.

சிகிச்சை

வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. மனநலச் சிகிச்சைக்கு உறவினர் கூடவே வந்து தங்குவது இங்கே பழகிப்போன விஷயம். பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம் பல பத்தாண்டுகளாகக் குடும்பத்தாரை நோயாளியோடே தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்குப் பெயர்பெற்றது. அதனால் ‘நீங்களும் வந்து உட்காருங்க’ என்று சொன்னால் இந்தப் பக்கத்து மக்கள் விலகிப்போவதில்லை.

மனச்சோர்வுக்கு மருத்துவர் மருந்து தொடங்கினார். சூதாட்டத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. நால்ட்ரெக்சோன் சிலருக்கு உந்துதலைக் குறைக்கிறது, இவருக்கு அது தேவைப்படவில்லை. எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையில் பெரும்பகுதி நேரம் போனது. எப்போது ஆடத் தோன்றுகிறது என்று எழுதச் சொன்னோம். சம்பள நாள், மேனேஜரிடம் திட்டு வாங்கிய நாள், ராத்திரி பதினொரு மணி. உந்துதல் ஏறி உச்சிக்குப் போய்த் தானே இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அந்த நேரத்தைக் கடக்க அவர் தேர்ந்தெடுத்தது மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே நடப்பது. ராத்திரி பதினொரு மணிக்குப் பையனை எழுப்பக் கூடாது என்று மனைவி சண்டை போட்டதால் அது அம்மாவோடு உட்கார்ந்து பேசுவதாக மாறியது.

பணத்துக்கு வேலி போட்டது தனி வேலை. சம்பளம் மனைவி பார்க்கக்கூடிய கணக்குக்குப் போகும், ஏடிஎம் கார்டு மனைவியிடம். இவர் போனில் யுபிஐ கிடையாது. பஸ்ஸுக்கும் டீக்கும் தினம் கையில் காசு. கடன் எல்லாம் ஒரே நோட்டில் எழுதப்பட்டது. அதை எழுத மூன்று வாரம் ஆனது, ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கடன் வெளியே வந்தது. மனைவிக்குத் தெரிந்தது ஐந்து லட்சம், நோட்டில் வந்தது 11,40,000.

அதன்பின் வந்த முடிவுதான் இந்தச் சிகிச்சையின் மையம்: ஆறாவது மீட்பு இல்லை. மச்சான் இன்னொரு லட்சம் தரத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொல்லவைத்தோம். கடனை அவரே, அவர் சம்பளத்திலிருந்து, தவணையாகக் கட்டுவார். குழுக்கடன் முதலில், ஏனென்றால் அதில் மற்ற பெண்களின் தலையும் மாட்டியிருக்கிறது. மீட்டர் வட்டிக்காரரிடம், அசலைத் தாண்டிக் கட்டியாயிற்று என்ற கணக்கோடு பேசினார்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே சட்டம் இருக்கிறது, போலீசுக்குப் போவோம் என்று சொன்னதும் அவர் இறங்கிவந்தார். அம்மாவுக்குத்தான் இதெல்லாம் கொடுமையாகத் தெரிந்தது. “புள்ள கஷ்டப்படறத பாத்துகினு இருக்கச் சொல்றீங்களே” என்று எங்கள் மேல் கோபப்பட்டார். அவருக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிப் பல முறை பேச வேண்டியிருந்தது. தன் கணவரின் லாட்டரிக் கடனையும் தானே அடைத்ததை அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னார்.

சறுக்கல்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண ஆட்டங்கள் அனைத்தையும், திறமை ஆட்டம் என்ற விலக்கும் இல்லாமல், தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் 22ஆம் தேதி ஒப்புதல் அளித்தார். பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. வீட்டில் எல்லோரும் இனி பயமில்லை என்றார்கள். இந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். கையிலேயே இருந்த சூதாட்ட மேசையை அது எடுத்துவிட்டது. ஆனால் நோய் செயலியில் குடியிருக்கவில்லை.

நவம்பரில் அவர் டீக்கடையில் காட்டன் எழுதினார். தினக்காசில் மிச்சம் பிடித்த பணம். நூறு எண்ணில் ஒன்றுக்கு வைத்தால் ஒரு ரூபாய்க்கு எழுபது என்பது அங்கே பேச்சு. நூறு எண்ணுக்கும் ஒவ்வொரு ரூபாய் வைத்தவருக்கே முப்பது ரூபாய் நஷ்டம் என்பதை இப்போது அவரால் சொல்ல முடியும். தெரிந்தும் எழுதினார். மூன்று நாள் எழுதி, 400 ரூபாய் போன பிறகு, தானே மனைவியிடம் சொன்னார்.

நாங்கள் பார்த்தது அந்தக் கடைசிச் செயலை. முன்பு லட்சம் போனாலும் பிறர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, இப்போது 400 ரூபாய்க்கு அவராகவே வாயைத் திறந்தார். மனைவி அப்படிப் பார்க்கவில்லை. பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு என்பதைக் கணவரிடமும் மாமியாரிடமும் தெளிவாகச் சொன்னோம். டீக்கடை இருக்கும் தெருவை விட்டு வேறு வழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போவது, காலை டீயை வீட்டிலேயே முடிப்பது என்று சின்னச் சின்ன மாற்றங்கள் செய்யப்பட்டன.

இப்போதைய நிலை

இதை எழுதும் நேரத்தில் அவர் ஆடவில்லை. மனச்சோர்வு மருந்து தொடர்கிறது, குடி பழைய அளவுக்குக் குறைந்திருக்கிறது. மீட்டர் வட்டிக்காரர் இறங்கிவந்தது போகவும் நோட்டில் இன்னும் ஏழரை லட்சம் கடன் நிற்கிறது. இந்த வேகத்தில் அடைக்க ஆண்டுகள் ஆகும். மனைவி மறுபடி அப்பர் தைக்கப் போகிறார். அவர் சம்பளம் அவர் கணக்கில், குடும்பக் கடனுக்கு அதைத் தொடக் கூடாது என்பது எழுதிவைத்த ஏற்பாடு. தூக்கம் ஐந்து மணி நேரமாகியிருக்கிறது, எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கணவரின் போன் சத்தம் கேட்டால் மனைவி இன்னும் திடுக்கிடுகிறார். மகனை வாசலுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். கடன்காரர் வந்தால் அப்பாவே போய்ப் பேசுகிறார்.

போன சந்திப்பில் கணவர் ஏடிஎம் கார்டைத் திருப்பிக் கேட்டார். ஒரு வருடமாகிறது, ஆம்பளைக்குக் கையில் கார்டு இல்லாமல் இருப்பது கேவலமாக இருக்கிறது என்றார். மனைவி இப்போது வேண்டாம் என்றார். குழுக்கடன் முழுவதும் அடைந்த பிறகு அதைப் பேசலாம் என்று மூவரும் ஒத்துக்கொண்டு, கோப்பில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.